அசைபோடும் கால்நடைகளுக்குப் புரோபயாடிக்: வாங்குவதற்கு முன்பிருந்து நிறுத்தும் வரை

பண்ணைக்குப் புரோபயாடிக், அதாவது செரிமானத்துக்கு உதவத் தீவனத்திலோ பாலிலோ உயிரோடு கலந்து கொடுக்கும் நல்ல நுண்ணுயிர், வாங்கலாம் என்று இறங்கினால் முதலில் கைக்கு வருவது வண்ண விளம்பரத் தாள். செரிமானம் கூடும், ஈரல் பலப்படும், பால் பெருகும் என்ற மூன்று வரியும் எல்லாத் தாளிலும் இருக்கும். எந்த நுண்ணுயிர், எவ்வளவு, எத்தனை நாள், எதற்கு உதவாது என்பது மட்டும் இருக்காது. அதையெல்லாம் துண்டு துண்டாகக் கேட்டும் படித்தும், கால்நடை மருத்துவரின் பொறுமையைச் சோதித்தும் சேர்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கறவை மாட்டை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஆட்டுக்கும் கன்றுக்கும் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

1. முதலில் தொழுவத்தைப் பாருங்கள், கடையை அல்ல

தீவனம் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, மாடுகள் படுத்து ஓய்வெடுக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். படுத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளத்தை 50 முதல் 70 தடவை வரை மெல்லுவது நல்ல அறிகுறி. அதற்கும் வெகுவாகக் குறைந்தால் தீவனத்தில் நார் போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது சாணம். ஒரு குவளை அளவு எடுத்துச் சல்லடையில் போட்டு, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மேலே என்ன தங்குகிறது என்று விரலால் கிளறிப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட நார் நிறைய இருந்தால் பெருவயிற்றில், அதாவது ரூமனில், செரிக்க வேண்டியது செரிக்காமல் ஓடிவருகிறது. உடையாத தானிய மணிகள் இருந்தாலும் அப்படித்தான். வழுக்கும் சளிப்படலம் துண்டு துண்டாகத் தெரிந்தால், செரிக்காத மாவுச்சத்து பெருங்குடல் வரை போய் அங்கே புளித்து உட்சுவரைக் கெடுக்கிறது. ஒரே தீவனம் தின்னும் மாடுகளில் ஒன்றுக்குக் கெட்டியாகவும் இன்னொன்றுக்குத் தண்ணீராகவும் சாணம் போனால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பால் பரிசோதனைச் சீட்டு இருந்தால் கொழுப்பைப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள். பல மாடுகளுக்கு 1-க்குக் கீழே வந்தால் ரூமனில் அமிலம் மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். கன்று ஈன்ற புதிதில் 1.4-ஐத் தாண்டினால் மாடு உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் தருகிறது. கவலை ஈரல் பக்கம் போக வேண்டும்.

காய்ச்சல், இரத்தக் கழிச்சல், தாடைக்குக் கீழே நீர்வீக்கம், திடீரென்று தீவனத்தை அடியோடு மறுப்பது: இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். குடற்புழு, ஈரல் தட்டைப்புழு, ரத்தக் கழிச்சல் தரும் காக்சிடியா ஆகிய எதையும் புரோபயாடிக் தீர்க்காது.

2. ‘ஈரலுக்கு நல்லது’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்

அதிகம் பணம் வீணாவது இந்த ஒரு வரியை நம்பித்தான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நாம் வாயில் போடும் நல்ல நுண்ணுயிர் ஈரலுக்குப் போய் அங்கே வேலை செய்வதில்லை. நுண்ணுயிர் ஈரலுக்குள் போனால் அங்கே உண்டாவது சீழ்க்கட்டி. அது நடக்கும் விதம் இப்படி: தானியம் திடீரென்று அதிகமானால் ரூமனில் அமிலம் கூடுகிறது. பி.எச். (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.6-க்குக் கீழே தினமும் சில மணி நேரம் தங்கினால் அதை மந்த அமிலநோய் என்பார்கள். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அமிலம் ரூமன் சுவரைப் புண்ணாக்குகிறது. ரூமனில் எப்போதும் குடியிருக்கும் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா அந்தப் புண் வழியாக, ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரைக்குள் நுழைந்து ஈரலில் இறங்கிச் சீழ்க்கட்டி வைக்கிறது. பெரும்பாலான மாடுகளில் இது உயிரோடு இருக்கும்போது தெரிவதே இல்லை. இறைச்சிக்கூடத்தில் ஈரலை அறுக்கும்போதுதான் தெரியும்.

எனவே புரோபயாடிக் ஈரலைக் காப்பது ரூமன் வழியாகத்தான். அமிலத்தை அடக்கி, சுவர் புண்ணாகாமல் பார்த்துக்கொள்வதே அதன் பங்கு. ஏற்கெனவே கட்டிவிட்ட சீழை அது கரைக்காது.

இரண்டாவது, கொழுப்பு ஈரல். ஈற்றுக்கு மூன்று வாரம் முன்பும் மூன்று வாரம் பின்பும் மாடு தின்பது குறைகிறது, தேவையோ கூடுகிறது. உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் சேர்கிறது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் உடற்கட்டோடு ஈனும் கொழுத்த மாடுகளுக்கு ஆபத்து அதிகம். 3 முதல் 3.5 வரை நல்லது. இங்கே புரோபயாடிக்காகக் கொடுக்கும் ஈஸ்ட் செய்யக்கூடியது, மாடு தீவனம் தின்பதைக் கொஞ்சம் தக்கவைப்பது மட்டுமே. கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கீட்டோன் மிகும் கீட்டோசிஸ் நோய் வந்துவிட்டால் புரோபிலீன் கிளைக்கால் போன்ற மருத்துவம்தான் வேண்டும். ஈரல் கொழுப்புக்கென்று மருத்துவர் கோலின் என்ற சத்தை எழுதினால், ரூமனில் சிதையாதபடி மேலே பூசப்பட்ட வகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கோலின் பொடி ரூமனிலேயே சிதைந்துபோகும்.

மூன்றாவது, பூஞ்சை பிடித்த தீவனத்தில் இருக்கும் அஃப்ளாடாக்சின் என்ற ஈரல் நச்சு. இதற்கு விற்கப்படும் ஈஸ்ட் செல்சுவர்ப் பொடி நச்சை ஒட்டிப் பிடிக்கும் பொருள்; அதில் உயிர் கிடையாது, அது புரோபயாடிக்கும் அல்ல. அதையும் வாங்குவதற்கு முன் பூஞ்சை பிடித்த தீவனத்தை விலக்குங்கள்.

பரிசோதனை செய்யலாம் என்று நினைத்தால், ஈன்ற 3 முதல் 14 நாளுக்குள் இரத்தத்தில் கீட்டோன், அதாவது பி.எச்.பி., பாருங்கள். லிட்டருக்கு 1.2 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் மறைமுகக் கீட்டோசிஸ். கையடக்கக் கருவியிலேயே பார்த்துவிடலாம், செலவும் குறைவு. ஈரல் நொதிகள் வேண்டுமானால் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். ஏ.எஸ்.டி. என்ற நொதி தசை அடிபட்டாலும் உயரும், அதனால் எழ முடியாமல் கிடக்கும் மாட்டுக்கு அதை மட்டும் வைத்து ஈரல் கெட்டது என்று சொல்ல முடியாது.

3. பிரச்சினைக்கு ஏற்ற நுண்ணுயிரைத் தேர்ந்தெடுங்கள்

வளர்ந்த மாட்டுக்கு அதிகம் சோதிக்கப்பட்டது சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற உயிருள்ள ஈஸ்ட். ரூமனுக்குள் தீவனத்தோடு வரும் கொஞ்ச ஆக்சிஜனை இது உறிஞ்சிவிடுகிறது. நார் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கும், லாக்டிக் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கும் அதனால் சூழல் நன்றாக அமைகிறது. தானியம் அதிகம் தின்னும் கறவை மாடு, வெயில் காலத்தில் மூச்சிரைக்கும் மாடு, தீவனம் மாறும் நேரம் ஆகியவற்றுக்கு இதிலிருந்து தொடங்குங்கள்.

மெகாஸ்பேரா எல்ஸ்டெனி லாக்டிக் அமிலத்தை நேரடியாகத் தின்னும் பாக்டீரியா. இறைச்சிக்காகக் கொழுக்க வளர்க்கும் மாடுகளைத் தானியத்துக்கு மாற்றும்போது வாய்வழி ஊற்றுவார்கள். காற்றுப் பட்டால் சாகும் உயிர் என்பதால் தயாரிப்பிலும் சேமிப்பிலும் கவனம் அதிகம் வேண்டும். சிறு கறவைப் பண்ணைக்கு இது அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாசில்லஸ் சப்டிலிஸ், பாசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் இரண்டும் வித்து உருவில் வருபவை. சூட்டைத் தாங்கும். ஆலையில் குருணையாக்கிய தீவனத்தில் புரோபயாடிக் கலந்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் இந்த வகையாக இருந்தால்தான் பொருளுண்டு. பாதுகாப்புப் பூச்சு இல்லாத ஈஸ்ட் குருணை ஆலையின் சூட்டில் பெரும்பகுதி செத்துவிடும்.

பால் குடிக்கும் கன்றுக்கு வேறு கணக்கு. கன்று சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாய்ப் பள்ளம் மூடிக்கொள்வதால் பால் ரூமனுக்குப் போகாமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போகும். எனவே பாலில் கலப்பவை குடலுக்கானவை: லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம், என்டரோகாக்கஸ் ஃபீசியம். ரூமன் ஈஸ்டைக் கன்றுக்கான தொடக்கத் தீவனத்தில் கலக்க வேண்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் போகாத கன்றுக்கு எந்தப் பொடியும் ஈடாகாது. கழிச்சல் கண்ட கன்றுக்கு முதலில் நீரிழப்பை ஈடுகட்டும் எலக்ட்ரோலைட் கரைசல், பிறகு மற்றவை.

4. லேபிளில் மூன்று விஷயம் இல்லையென்றால் வாங்காதீர்கள்

முதலாவது, முழுப் பெயர். பேரினம், சிற்றினம், அதற்குப் பின்னால் இன எண், அதாவது ஸ்ட்ரெயின் எண். ‘ஈஸ்ட்’ என்றோ ‘லாக்டிக் பாக்டீரியா கலவை’ என்றோ மட்டும் போட்டிருந்தால் போதாது. ‘சாக்கரோமைசிஸ் செரிவிசியே சி.என்.சி.எம். ஐ-1077’ என்பது போல இருக்க வேண்டும். ஒரே சிற்றினத்திலும் ஒரு இனம் செய்வதை மற்றொன்று செய்வதில்லை. ரொட்டி ஈஸ்டும் இதே சிற்றினம்தான். அதற்காக அதை வாங்கி மாட்டுக்குப் போட்டால் அதே பலன் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள செல் என்ற சி.எஃப்.யூ. எண்ணிக்கை. எண்ணிக்கையே இல்லாமல் ‘ஈஸ்ட் கல்ச்சர்’ என்றிருந்தால் அது பெரும்பாலும் ஈஸ்டை அது வளர்ந்த ஊடகத்தோடு சேர்த்து உலர்த்திய பொருள். பயனற்றது என்று சொல்லவில்லை; ஆனால் உயிருள்ள ஈஸ்டுக்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, அந்த எண்ணிக்கை எந்த நாளுக்கு உத்தரவாதம்? தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா? பிந்தையதுதான் நமக்குத் தேவை.

இப்போது கணக்கு. பல உயிருள்ள ஈஸ்ட் பொருட்கள் கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி செல் என்ற அளவை ஒட்டி வருகின்றன. லேபிளில் பில்லியன் என்று இருந்தால் ஒரு பில்லியன் 100 கோடி. இரண்டு பொடிகளை எடுத்துக்கொள்வோம். முதல் பொடியில் கிராமுக்கு 2,000 கோடி. மாட்டுக்கு அரை கிராம் போதும். கிலோவில் 2,000 வேளை. இரண்டாவது பொடியில் கிராமுக்கு 10 கோடி. அதே அளவுக்கு 100 கிராம் வேண்டும். கிலோவில் 10 வேளை. முதல் பொடியின் கிலோ விலை இருபது மடங்கு என்றாலும் வேளைக்கு அதுதான் பத்து மடங்கு மலிவு. இரண்டாவது பொடியின் பையிலேயே ‘தினம் 10 கிராம்’ என்று எழுதியிருந்தால் தேவையில் பத்தில் ஒரு பங்குதான் போகிறது. கிலோ விலை மலிவாக இருப்பது இதனால்தான்.

5. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

பொருள் விவரத் தாள், அந்தப் பேட்ச்சுக்கான பகுப்பாய்வுச் சான்று, உங்கள் நாட்டின் தீவனச் சேர்க்கை உரிம அல்லது பதிவு எண், பேட்ச் எண் எழுதிய ரசீது. இந்த நான்கும் கட்டாயம்.

பகுப்பாய்வுச் சான்றைப் பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு விற்பனையாளர் எனக்குக் கொடுத்த சான்று அழகாக முத்திரையோடு இருந்தது. ஆனால் சோதித்த தேதி, பையில் அச்சிட்ட தயாரிப்புத் தேதிக்குப் பல மாதம் முந்தியது. பேட்ச் எண்ணும் வேறு. கேட்டதற்கு ‘எல்லாம் ஒரே சரக்குதான்’ என்றார். அந்தப் பதிலே போதும், திரும்பிவிடலாம். சான்றில் செல் எண்ணிக்கையோடு சால்மொனெல்லா, ஈ.கோலை சோதனையும் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்கென்றால் உதவும் இரண்டு குறிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இவை 1831/2003 என்ற ஒழுங்குமுறையின் கீழ் வருகின்றன. ஒவ்வொரு நுண்ணுயிர் இனத்துக்கும், எந்தக் கால்நடைக்கு என்றும் குறிப்பிட்டு, 10 ஆண்டுக்கு அனுமதி தருவார்கள். கறவை மாட்டுக்கு அனுமதி இருப்பதால் ஆட்டுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் நோயைக் குணப்படுத்தும் என்று எழுதினால் அது மருந்துக் கணக்கில் போய்விடும். அதனால் அங்கே ஒழுங்காக விற்பவர்கள் லேபிளில் அப்படி எழுதமாட்டார்கள்.

என்டரோகாக்கஸ் ஃபீசியம் உள்ள பொருளென்றால் ஆன்டிபயாடிக் எதிர்ப்புச் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். இந்தச் சிற்றினத்தில் எதிர்ப்பு மரபணு சுமக்கும் இனங்கள் உண்டு. இயற்கை வேளாண் சான்று வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே சான்று நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாங்கிய பின் கேட்டால் சிக்கல்.

6. செலவு தாங்குமா?

உயிருள்ள ஈஸ்ட் பற்றிய பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2009-இல் வெளிவந்த தொகுப்பாய்வில், சராசரியாக உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் பால் கூடியது. 500 கிலோ மாட்டுக்கு நாளொன்றுக்கு 600 கிராம். அதே மாடு கூடுதலாகச் சுமார் 220 கிராம் உலர்பொருளும் (ஈரம் நீங்கலான தீவனம்) தின்கிறது. ரூமன் பி.எச். உயர்வு சராசரியாக 0.03 மட்டுமே. இது சராசரி, நன்றாகப் பராமரிக்கப்படும் பண்ணையில் ஒன்றுமே கூடாமலும் போகலாம்.

ஆக, ‘இரண்டு லிட்டர் கூடும்’ என்பவரிடம் வாதம் செய்ய வேண்டாம், நகர்ந்துவிடுங்கள். பொடியின் ஒரு நாள் செலவோடு அந்தக் கூடுதல் தீவனச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் உங்கள் பாலின் கால் லிட்டர் விலைக்குள் அடங்கினால் முயலலாம். அரை லிட்டரைத் தொட்டால் நான் வாங்கமாட்டேன். ஈற்றுக்கு முந்தைய மூன்று வாரம் பால் வரவே இல்லாத செலவு என்பதையும் மறக்காமல் கூட்டுங்கள்.

7. எப்போது தொடங்குவது

கறவை மாட்டுக்கு ஈற்றுக்கு மூன்று வாரம் முன்பு தொடங்கி, பால் உச்சத்தைத் தாண்டும் வரை, அதாவது ஈன்று எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை. தீவன மாற்றத்துக்காக என்றால் மாற்றுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே. கன்றுக்குப் பிறந்த நாள் முதல் பால் மறக்கும் வரை.

இவை ரூமனில் நிலையாகக் குடியேறுவதில்லை. தினமும் கொடுத்தால்தான் இருக்கும். வாரம் ஒரு முறை ஒரு கைப்பிடி போடுவது வீண்.

8. கலப்பதும் வைப்பதும்

அரை கிராமை ஒரு கூடைத் தீவனத்தில் நேரே தூவினால் ஒரு மாட்டுக்குப் பத்து வேளை போகும், மற்றொன்றுக்கு ஒன்றுமே போகாது. மொத்த மாடுகளுக்கான பொடியை எடை போட்டு, முதலில் ஒரு கைப்பிடி அரைத்த தானியத்தோடு நன்றாகப் புரட்டுங்கள்; அதை ஒரு கிலோவோடு, பிறகு அன்றைய அடர்தீவனம் முழுவதோடு. அரை கிராம் காட்டும் சிறு எடைக்கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கரண்டியை நம்பாதீர்கள். கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள். உடலில் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

ஒரு மாதத்துக்கானதை மொத்தமாகத் தாது உப்போடு கலந்து வைக்காதீர்கள். ஈரமும் உப்பும் சேர்ந்து செல்களைக் கொன்றுவிடும். பாலில் கலந்தால் கன்று குடிக்கும் வெதுவெதுப்பில் கலந்து உடனே கொடுக்க வேண்டும். கொதிக்கும் பாலிலோ குளோரின் போட்ட தண்ணீரிலோ கரைக்கக் கூடாது. பையை வெயில் படாத, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வாய் கட்டி வையுங்கள். கடையிலேயே தகரக் கூரைக்குக் கீழே கிடந்த பையென்றால் லேபிளில் உள்ள எண்ணிக்கையை மறந்துவிடுங்கள்.

செம்மறி வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: மாட்டுக்கான புரோபயாடிக் பலவற்றில் தாது உப்பும் சேர்ந்திருக்கும், அதில் தாமிரம் இருக்கும். மாடு தாங்கும் தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் கொல்லும். ஈரலுக்கென்று வாங்கியது ஈரலையே கெடுக்கும். அதேபோல மொனென்சின் என்ற தீவன மருந்து சேர்ந்த கலவை பண்ணையில் உள்ள குதிரைக்கு எட்டாமல் இருக்கட்டும். சிறு அளவே அதற்கு நஞ்சு.

ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் பாக்டீரியா வகைப் புரோபயாடிக் பெரும்பாலும் வீண். ஈஸ்டை ஆன்டிபயாடிக் பாதிக்காது, தொடரலாம். மடிநோய் மருந்து போன மாட்டின் பாலைக் கன்றுக்கு ஊற்றிவிட்டு, அதிலேயே லாக்டோபாசில்லஸும் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இதே வீண்தான்.

9. பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் தொடங்கிவிட்டு ‘முன்பு, பின்பு’ என்று ஒப்பிடாதீர்கள். ஈன்ற மாட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை பால் தானாகவே ஏறும். அந்த ஏற்றமெல்லாம் பொடியின் பெயருக்குப் போய்விடும். எட்டாவது வாரத்தில் தொடங்கினால் இயல்பான இறக்கத்துக்குப் பொடி பழி சுமக்கும்.

மாடுகளை இரண்டாகப் பிரியுங்கள். ஈன்ற நாளும் ஈற்று எண்ணிக்கையும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்திருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் மொத்தம் எட்டு வாரம் ஓட்டுங்கள். இடையில் வேறு எந்தத் தீவனத்தையும் மாற்றாதீர்கள். நான்கைந்து மாடுதான் இருக்கிறது என்றால் 600 கிராம் வித்தியாசம் அன்றாட ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடும். அப்போது சாணத்தின் தன்மை, பால் கொழுப்பு, தீவனம் மீதம் விடும் அளவு, மருத்துவச் செலவு ஆகியவற்றைக் குறித்து வைத்துப் பாருங்கள். கன்றுகளில் கழிச்சல் கண்ட நாட்களின் எண்ணிக்கையே போதும்.

சல்லடையில் நீண்ட நார் அப்படியே வந்துகொண்டிருந்தால் பொடியை இரட்டிப்பாக்காதீர்கள். தானியத்தை ஒரே வேளையாகக் கொட்டாமல் பிரித்துப் போடுவது, முதலில் நார்த்தீவனம் வைப்பது, தீவன மாற்றத்தை இரண்டு மூன்று வாரத்துக்குப் பரப்புவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை, அமிலத்தை அடக்குவதில் பலனும் கூடுதல். உண்மையில் இவற்றை முதலில் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் குறை மிச்சமிருந்தால்தான் பொடிக்குப் போக வேண்டும்.

10. நிறுத்துவது

பலன் இல்லையென்றால் எட்டு வாரத்தில் நிறுத்திவிடுங்கள். பலன் இருந்தால் கறவையின் நடுப்பகுதியில், தானியம் குறைந்த பின் நிறுத்தலாம். நிறுத்திய கொஞ்ச நாளில் ரூமன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், தீவனம் மாற்றும் வாரத்திலோ கடும் வெயில் வாரத்திலோ நிறுத்தாதீர்கள். நிறுத்திய தேதியையும் பேட்ச் எண்ணையும் பண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். திறந்த பையில் மீந்த பொடியை அடுத்த ஈற்றுக்கு எடுத்து வைப்பதில் பயனில்லை. அதற்குள் அதில் எத்தனை செல் உயிரோடு இருக்கும் என்று லேபிள் சொல்லாது. சிறு பையாக வாங்குவதே மிச்சம்.